மும்முறை வெறுமையுற்ற இருக்கை

ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் பலகையிலும் கல்லிலும் எழுதப்பெற்று நிற்கும். ஒருசில பெயர்களோ ஓர் இனத்தின் நெஞ்சில் எழுதப்பெற்று நிற்கும். ஈழத்தின் வடகரையில், தமிழகக் கடற்கரையை நோக்கி நிற்கும் காங்கேசன்துறை அத்தகையதொரு பெயர். மாவிட்டபுரம் கோயிலுக்கெனக் காங்கேயனாகிய முருகனின் திருவுரு வந்திறங்கிய துறையாகலின் அப்பெயர் பெற்றது என்பது அவ்வூர்த் தொன்மவழக்கு. கடலோரத்தே ஊறும் கீரிமலை நன்னீரும், சுண்ணக்கல் நிலமும், செம்மண் தோட்டங்களும், உழைப்பிற்கு அஞ்சாத உழவரும் மீனவரும் நிறைந்த மண் அது.

அம்மண் 1947 முதல் 1989 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் இலங்கை நாடாளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்து அனுப்பும் தனித் தொகுதியாக விளங்கிற்று. இன்று அத்தொகுதி இல்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துள் ஒப்போலைகளை எண்ணுதற்கான பிரிவுகளுள் ஒன்றாக அதன் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. தொகுதிகள் தோன்றுவதும் மறைவதும் எந்நாட்டிலும் நிகழ்வனவே. ஆயின், காங்கேசன்துறைத் தொகுதி மறைந்தபொழுது அதனோடு தமிழரின் உரிமை ஒன்றும் சேர்ந்து மறைந்தது. அஃது எவ்வுரிமை என்பதை அறிய விழைவோர், அத்தொகுதியில் வென்றவர் பட்டியலைப் பார்ப்பதோடு, அவ்விருக்கை எவ்வெப்பொழுது வெறுமையாகக் கிடந்தது என்பதையும் பார்த்தல் வேண்டும். காங்கேசன்துறையின் இருக்கை மும்முறை வெறுமையுற்றது. அம்மூன்று வெறுமைகளுமே ஈழத்தமிழர் அரசியலின் மூன்று படிகள்.

முதல் வெறுமை, நாடாளுமன்றம் தோன்றுவதற்கு முன்னரே, அதே பெயரில் அமைந்திருந்த அரசுப் பேரவைத் தொகுதியில் நேர்ந்தது. தொனமூர் யாப்பின்படி, அகவை வந்த ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் ஒப்போலை உரிமை வழங்கிய முதல் தேர்தல் 1931-இல் நடந்தது. முழுமையான தன்னாட்சி தராத யாப்பு ஏற்கத்தக்கதன்று என யாழ்ப்பாண இளைஞர் பேராயம் அறைகூவிற்று. அவ்வழைப்பை ஏற்று, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய வடபுலத் தொகுதிகள் நான்கிலும் எவரும் வேட்பாளராக நிற்கவில்லை. இருக்கைகள் நான்கும் மூன்றாண்டுகள் வெறுமையாகக் கிடந்தன.

அவ்விளைஞர்கள் கேட்டது தமிழர்க்கெனத் தனியொரு பங்கா? அன்று. இலங்கை முழுமைக்குமான விடுதலையையே அவர்கள் கேட்டனர். சிங்களரும் தம்மொடு சேர்ந்து புறக்கணிப்பர் என நம்பினர். தென்புலத் தலைவர்களோ தேர்தலில் நின்றனர், வென்றனர், அவையில் அமர்ந்தனர். 1934-இல் நடந்த இடைத்தேர்தலில் சு. நடேசன் காங்கேசன்துறையின் உறுப்பினரானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1936-இல் அமைந்த அமைச்சர் குழுவில் தமிழர் ஒருவரும் இடம்பெறவில்லை, அனைவரும் சிங்களரே. பொது விடுதலைக்காகத் தம் இருக்கையையே விட்டுக்கொடுத்த மக்களுக்குக் கிட்டிய கைம்மாறு இதுவாயிற்று.

1947-இல் சோல்பரி யாப்பின்படி நாடாளுமன்றம் அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பெறும் 95 உறுப்பினருள் ஒருவராகக் காங்கேசன்துறை அனுப்பியவர், தெல்லிப்பழை மண்ணைச் சார்ந்த வழக்குரைஞர் செல்வநாயகம். 1898-இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து கற்றவர் அவர். கிறித்தவ நெறியினர். மாவிட்டபுரத்தையும் கீரிமலையையும் தம் உயிரெனப் போற்றும் சைவப் பெருமக்கள் நிறைந்த தொகுதி, ஒரு கிறித்தவரைத் தம் குரலாக அனுப்பிற்று. பின்னாளில் அவரையே தந்தை என்று அழைத்தது. சமயத்தின் பெயரால் தமிழரைக் கூறுபோட முனைவோர் இவ்வொன்றை எண்ணிப் பார்த்தல் நன்று.

விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே சிங்கள ஆட்சியின் முதல் வெட்டு மலையகத் தமிழர்மீது விழுந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்து அந்நாட்டிற்குச் செல்வம் ஈட்டித் தந்த மக்கள் குடியுரிமை இழந்தனர். அடுத்த ஆண்டில் ஒப்போலை உரிமையும் இழந்தனர். 1947-இல் எழுவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பியிருந்த மலையக மக்களின் கட்சி 1952-இல் ஒருவரையும் அனுப்ப இயலாமற்போயிற்று. அச்சட்டத்தைச் செல்வநாயகம் எதிர்த்தார். அவர் சார்ந்திருந்த தமிழ்ப் பேராயத்தின் தலைவரான காங்கேசர் பொன்னம்பலமோ அதே 1948-இல் அமைச்சரவையில் சேர்ந்தார். இன்று மலையகத் தமிழர்க்கு நேர்ந்தது நாளை வடகிழக்குத் தமிழர்க்கும் நேரும் என்பதை உணர்ந்த செல்வநாயகம், பேராயத்தினின்று பிரிந்து, 1949 திசம்பர் 18-இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். தம் தொகுதியில் ஓர் ஒப்போலையும் இல்லாத மக்களுக்காகத் தம் கட்சியை விட்டு வெளியேறிய தலைமை அது.

ஆயின், காங்கேசன்துறை மக்கள் அதனை உடனே உணர்ந்தனரா? இல்லை. 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற நடேசன் 15,337 ஒப்போலைகள் பெற்று வென்றார். செல்வநாயகத்திற்குக் கிடைத்தவை 11,571. இத்தோல்வியை மறைத்துவிட்டு அத்தொகுதியின் வரலாற்றை எழுதுதல் பொய் எழுதுதலாகும். நடேசனார் தமிழ்ப்பகைவர் அல்லர். பரமேசுவரக் கல்லூரியின் தலைவராயிருந்தவர்; பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன்; தமிழ்ப்புலமை மிக்கவர். ஆயினும் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த கட்சியின் பெயரால் அவர் நின்றார். 1950-இல் ஆக்கத்தைத் தொடங்கிய சிமெந்து எனும் பைஞ்சுதை ஆலையின் புகைபோக்கியும் அத்தொகுதி மக்களின் கண்முன் உயர்ந்து நின்றது. ஆலை தரும் ஆட்சியொடு இணங்கிப் போதலே அறிவுடைமை என்ற பேச்சு எக்காலத்தும் இனிக்கக்கூடியதே. தமிழ் கற்றிருத்தல் வேறு. தமிழினத்தின் நலத்தை எங்கே வைத்துக் காப்பது என்று தெளிந்திருத்தல் வேறு. தமிழ்ப்பற்றாளர் எனப்படுவோர் அனைவரும் 1952-ஆம் ஆண்டின் காங்கேசன்துறையைத் தமக்கொரு கண்ணாடியாகக் கொள்ளல் வேண்டும்.

தோற்ற செல்வநாயகம் தம் கொள்கையை மாற்றிக் கொள்ளவில்லை, மக்களைப் பழிக்கவுமில்லை. நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 1956-இல் சிங்களமே ஆட்சிமொழி என்ற முழக்கம் தெற்கில் இடியென எழுந்தபொழுது காங்கேசன்துறை விழித்துக்கொண்டது. அவ்வாண்டு அவரையே தேர்ந்தெடுத்தது. 1960-இன் இரு தேர்தல்களிலும், 1965-இலும், 1970-இலும் அவரே வென்றார். 1957-இல் பண்டாரநாயக்காவொடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965-இல் தட்லி சேனநாயக்காவொடு செய்துகொண்ட உடன்படிக்கையும் நிறைவேறாது ஒழிந்தது. இருபெரும் சிங்களக் கட்சிகளும் ஒவ்வொரு முறை கையொப்பமிட்டன. ஒவ்வொரு முறை கைவிட்டன. கூட்டாட்சி கேட்ட அம்முதியவரின் பொறுமையைத் தமிழரின் மெலிவு என்றே கொழும்பு கணக்கிட்டது.

இரண்டாம் வெறுமை அங்கிருந்து பிறந்தது.

1972 மே 22-இல் இலங்கை குடியரசாயிற்று. புதிய யாப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதி செய்தது. புத்த நெறிக்கு முதன்மை வழங்கிற்று. பழைய யாப்பின் 29-ஆம் பிரிவில் சிறுபான்மையர்க்கென இருந்த சிறு காப்பையும் நீக்கிற்று. 1970-இல் ஐந்தாண்டுகளுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவை, அதே யாப்பின் வழித் தன் காலத்தை 1977 வரை நீட்டியும் கொண்டது. தமிழரும் இதனை ஏற்றுக்கொண்டனர் என ஆட்சியாளர் பறைசாற்றினர்.

அதற்குச் செல்வநாயகம் அளித்த மறுமொழி அரசியல் உலகில் அரிதானது. 1972 அக்தோபர்த் தொடக்கத்தில் தம் இருக்கையைத் துறந்தார். புதிய யாப்பைத் தமிழர் ஏற்றனர் என்பது மெய்யாயின், அக்கொள்கையை முன்வைத்து இத்தொகுதியில் நின்று வென்று காட்டுக என ஆட்சியாளரை அறைகூவினார். தம் இருக்கையைத் துலாக்கோலாக்கி, ஓர் இனத்தின் விருப்பத்தை அதில் நிறுத்துப் பார்க்க முன்வந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 74. கைந்நடுக்க நோய் உடலை வாட்டிற்று, குரலும் மெலிந்திருந்தது. மெலிந்த அக்குரலுக்கு அஞ்சியது ஆட்சி!

இடைத்தேர்தலை உடனே நடத்தியிருத்தல் வேண்டும். ஆட்சியோ நெருக்கடி நிலையைச் சாக்காகக் காட்டி நாள் கடத்திற்று. ஒரு திங்கள், இரு திங்கள் அன்று. ஈராண்டும் நான்கு திங்களும் காங்கேசன்துறைக்கு உறுப்பினர் இல்லை. அந்த இடைக்காலத்தில் நடந்தவற்றை எண்ணிப் பார்க்க. பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல் என்ற பெயரால் தமிழ் மாணவரின் வாயில் அடைபட்டது. 1974 சனவரி 10-இல், யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவில், காவற்படையினர் புகுந்து விளைத்த குழப்பத்தில் தமிழ் கேட்க வந்தோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு சூன் திங்களில் சிவகுமாரன் என்னும் இளைஞன் காவலர் கையில் அகப்படாது நஞ்சுண்டு மாய்ந்தான். ஒப்போலைப் பெட்டி மூடிக் கிடந்த அக்காலத்திலேதான் இளைஞரின் நெஞ்சம் வேறு வழிகளை நாடத் தொடங்கிற்று. ஈழத்து இளைஞர் ஏன் படைக்கலம் ஏந்தினர் எனக் கேட்போர், காங்கேசன்துறையின் இடைத்தேர்தல் ஏன் இரண்டேகால் ஆண்டிற்கு மேல் நடத்தப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

ஈற்றில் 1975 பிப்ரவரி 6-இல், தி.பி. 2006-இல், தேர்தல் நடந்தது. ஆட்சிக் கூட்டணியின் சார்பில் பொதுவுடைமைக் கட்சியின் வி. பொன்னம்பலம் நின்றார். ஆட்சியின் வலிமை அனைத்தும் அவர்க்குத் துணை. முடிவு வெளிவந்தது. செல்வநாயகம் 25,927, வி. பொன்னம்பலம் 9,457. மிகுதி 16,470 ஒப்போலைகள். 1970 பொதுத்தேர்தலில் 13,520 ஒப்போலைகள் பெற்றிருந்தவர் ஐந்தாண்டில் ஏறத்தாழ இருமடங்கு பெற்றார். தொகுதியில் இடப்பெற்ற ஒப்போலைகளுள் நூற்றுக்கு 72-க்கு மேற்பட்டவை அவர்க்கே வீழ்ந்தன. தமிழ்மக்கள் தம்மிடத்தே உள்ள இறைமையைக் கொண்டு தம்மைத் தாமே ஆண்டுகொள்ளுதற்கு வழங்கிய ஆணையே இத்தீர்ப்பு என அவர் அறிவித்தார். அன்று எதிர்த்து நின்று தோற்ற வி. பொன்னம்பலமே பின்னாளில் பொதுவுடைமைக் கட்சியை விட்டு நீங்கிச் செந்தமிழர் இயக்கம் கண்டார் என்பது அத்தீர்ப்பின் ஆழத்தைக் காட்டும்.

காங்கேசன்துறையில் எழுந்த அத்தீர்ப்பே 1976 மே 14-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானமாக விரிந்தது. 1977 ஏப்ரல் 26-இல் தந்தை செல்வா மறைந்தார். அவ்வாண்டு சூலை 21-இல் நடந்த பொதுத்தேர்தலில், அத்தீர்மானத்தை முன்வைத்து நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. காங்கேசன்துறையில் அமிர்தலிங்கம் 31,155 ஒப்போலைகள் பெற்று வென்று, நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார். ஒரு தொகுதியில் நிறுக்கப்பட்ட இனவிருப்பம் தமிழ்நிலம் முழுவதிலும் நிறுக்கப்பட்டது; எடை குறையவில்லை.

தீர்ப்பை மாற்ற இயலாத ஆட்சி, தீர்ப்புக் கேட்பதையே குற்றமாக்கிற்று. இது மூன்றாம் வெறுமை. 1982 திசம்பர் 22-இல் பொதுத்தேர்தலுக்கு மாற்றாக ஒரு பொதுவாக்கெடுப்பை நடத்தி, செயவர்த்தனா ஆட்சி நாடாளுமன்றத்தின் காலத்தை மேலும் ஆறாண்டுகள் நீட்டிக்கொண்டது. 1983 சூலையில் தமிழர் தெருத்தெருவாக எரிக்கப்பட்டனர். கொலையுண்டோர்க்கு முறை வழங்க வேண்டிய அவை, அடுத்த திங்களே ஆறாம் திருத்தத்தை இயற்றிற்று. தனிநாடு வேண்டுதல், அதனை ஆதரித்தல் ஆகியன அத்திருத்தத்தால் தண்டனைக்குரியன ஆயின. உறுப்பினர் அனைவரும் அதனை மறுத்துச் சூளுரைத்தல் வேண்டும் என்றாயிற்று. மக்கள் எதற்காக அனுப்பினரோ அதனையே மறுத்துச் சூளுரைக்கக் கூட்டணியினர் இசைந்திலர். 1983 அக்தோபரில் அமிர்தலிங்கம் தம் இருக்கையை இழந்தார். அதன்பின் காங்கேசன்துறைத் தொகுதியின் குரல் அவ்வவையில் ஒலிக்கவே இல்லை.

1989 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் தனி உறுப்பினர் தொகுதிகள் அனைத்தும் மறைந்தன. 1978 யாப்பு வகுத்திருந்தபடி, விகிதாசாரம் என வழங்கும் விழுக்காட்டு முறை நடைமுறைக்கு வந்தது. நாடு 22 தேர்தல் மாவட்டங்களாயிற்று. இஃது இலங்கை முழுமைக்குமான மாற்றம். காங்கேசன்துறையை மட்டும் குறிவைத்ததன்று. சிறுகட்சிகளுக்கு அதனால் விளைந்த நன்மையும் உண்டு. ஆயின் தமிழர் இழந்தது யாது? புதிய முறையில் ஓர் உறுப்பினர் இருக்கையைத் துறந்தால் இடைத்தேர்தல் இல்லை. அதே பட்டியலில் அடுத்து நிற்பவர் அவ்விடத்தில் அமர்வார். செல்வநாயகம் 1972-இல் எடுத்த அறப்படைக்கலத்தை இனி எவரும் எடுக்க இயலாது! தம்மைத் துறந்து மக்களிடம் தீர்ப்புக் கேட்கும் வாயில் அடைபட்டது. கேட்கத்தக்க பொருளை ஆறாம் திருத்தம் அடைத்தது. கேட்கும் வழியை 1989 அடைத்தது. காங்கேசன்துறைத் தொகுதியொடு மறைந்த உரிமை இதுவே.

அத்தொகுதியின் இறுதி உறுப்பினரான அமிர்தலிங்கம், அதே 1989 சூலை 13-இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவை தமிழர் கைகள். பகைவனின் கொடுமையை எண்ணும் தமிழினம் தன் கையின் கறையையும் எண்ணாதிருத்தல் கூடாது. கருத்து மாறுபாட்டைத் துமுக்கியால் தீர்க்கும் இனம், தன் தீர்ப்பைத் தானே எரிக்கும் இனமாகும்.

அடுத்த ஆண்டு இருக்கையொடு ஊரும் வெறுமையாயிற்று. 1990 சூனில் போர் மூண்டபொழுது வலிகாமம் வடக்கின் மக்கள் வீடு வாயிலை விட்டு வெளியேறினர். தொடர்வண்டி நின்றது; ஆலை நின்றது. வீடுகளும் தோட்டங்களும் கோயில்களும் படையினரின் உயர்காப்பு வளையத்துள் அகப்பட்டன. போர் 2009-இல் முடிந்த பின்னரும், 2013-இல் அங்கே 6,381 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்த ஆட்சி அறிவிப்பு ஒட்டிற்று. நிலத்திற்குரியோர் முறைமன்றம் ஏறினர். பின்னர்ப் பகுதி பகுதியாக நிலம் விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறை 2017-இல் மீண்டது. கால் நூற்றாண்டிற்கு மேல் ஏதிலியர் முகாம்களில் கிடந்தோர் திரும்பிப் பார்த்தபொழுது, வீடிருந்த இடத்தை மரத்தைக் கொண்டும் கிணற்றைக் கொண்டும் அடையாளம் காண வேண்டியதாயிற்று.

மக்கள் சிதறினால் இருக்கைகளும் சிதறும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 1989-இல் 11 உறுப்பினர். 2010-இல் 9. 2015-இல் 7. 2024-இல் 6. குண்டும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் செய்த வேலையைத் தேர்தல் கணக்கு அமைதியாக எழுதி வைத்துள்ளது. அந்த ஆறு இடங்களுள்ளும் மூன்றை 2024-இல் தெற்கைத் தலைமையிடமாகக் கொண்ட கட்சியே வென்றது. இதனைக் கண்டு தமிழின உணர்வே மாய்ந்தது எனச் சிங்களத் தலைநகரில் மகிழ்வோரும், தமிழ்மக்கள் தம் கடன் மறந்தனர் எனத் தமிழரிடையே பழிப்போரும் 1952-ஆம் ஆண்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். அன்றும் காங்கேசன்துறை கொழும்புக் கட்சியையே தேர்ந்தது. நான்கே ஆண்டில் மீண்டது. அது தானாக மீண்டதன்று. தோற்றவர் மக்களைத் திட்டாமல், தம்முள் பூசலிடாமல், ஊர் ஊராகச் சென்று உழைத்ததனால் மீண்டது. இன்று தமிழ்க் கட்சிகள் பலவாகப் பிளந்து ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருப்பதைக் காணும் மக்கள் சலிப்புற்றால், அச்சலிப்பு மக்களின் குற்றமா?

இவ்வரலாறு தமிழகத் தமிழர்க்கும் உரியது. 2023 அக்தோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணக் கப்பல் ஓடத் தொடங்கியது. அத்துறையில் கால் வைக்கும் தமிழன் எவனாயினும், இஃது ஒரு துறைமுகம் மட்டுமே என்று கருதிக் கடந்துபோதல் தகாது. இங்கே ஒரு முதியவர் தம் இருக்கையைத் துறந்து தம் மக்களை நோக்கிக் கைந்நீட்டினார். மக்கள் அக்கையில் தம் தீர்ப்பை வைத்தனர். அத்தீர்ப்பு இன்றளவும் நிறைவேற்றப்படவில்லை. அதனை மறுத்து அதே மக்களிடம் அதே வினாவை வெளிப்படையாகக் கேட்கும் துணிவும் எவ்வாட்சிக்கும் இதுவரை வரவில்லை.

தொகுதியின் எல்லைக்கோட்டை ஒரு சட்டத்தால் அழிக்கலாம். இருக்கையை வெறுமையாக்கலாம். ஊரையே வேலியிட்டு அடைக்கலாம். 1975 பிப்ரவரி 6-இல் வரிசையில் நின்று ஒப்போலை இட்ட மக்களின் தீர்ப்பை அழிக்கும் சட்டம் எந்நாட்டு ஏட்டிலும் இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்கப்படல் வேண்டும். அச்சமின்றி விடைதரும் உரிமை அவர்க்கு வேண்டும். அவர்தம் விடையை உலகம் ஏற்றல் வேண்டும். இம்மூன்றையும் வேண்டி நிற்றலே தமிழர் கடன். அக்கடனை மறவாதிருக்க!